தாய்ப் பத்திரம் கையில் இருக்கிறதா? குவாண்டம் திருட்டுக்கு முன் கிரிப்டோ கணக்கைத் தயார் செய்ய எந்த வழி?

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு. இந்த வருசம் அதை அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்தார்கள். பட்டா இருந்தது, வில்லங்கச் சான்று இருந்தது, வருசாவருசம் தீர்வை கட்டிய ரசீதும் இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, "தாய்ப் பத்திரம் எங்கீங்க?" என்றார். தாத்தாவின் டிரங்குப் பெட்டி அடியிலிருந்து அது வந்து சேரும் வரைக்கும் வேலை நகரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் காவேரிப்பட்டணம் திரும்பும்போது மாமா கேட்டார். "ஏம்ப்பா, குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா கிரிப்டோ எல்லாம் காலின்னு சொல்றாங்களே. என் ஈதரை வித்துடட்டுமா, இல்ல வேற எங்கயாச்சும் மாத்தி வெக்கணுமா?" 2021-ல் வாங்கிய எத்தீரியம் நாணயம் அது. மகள் கல்யாணத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறார்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு முடியவில்லை. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் இருக்கும் மூன்று கணக்குகளையும் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். மாமாவுடையது ஒன்று, ஓசூரில் இருக்கும் சித்தி மகளுடையது ஒன்று, என்னுடைய பழைய கணக்கு ஒன்று. மூன்றுக்கும் பதில் வேறு வேறாக வந்தது. ஏன் அப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிட்காயினும் எத்தீரியமும் பிரைவேட் கீயிலிருந்து (பணம் அனுப்பக் கையெழுத்திடும் ரகசிய எண்) பப்ளிக் கீயை (அந்தக் கையெழுத்தை மற்றவர் சரிபார்க்கும் எண்) உண்டாக்க நீள்வட்டக் கணிதத்தை (எலிப்டிக் கர்வ்) பயன்படுத்துகின்றன. போகலாம், திரும்ப முடியாது என்பதுதான் அதன் பலம். பெரிய குவாண்டம் இயந்திரம் இருந்தால் திரும்பவும் முடியும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே வழி காட்டிவிட்டார். அந்த அளவு இயந்திரம் இன்றைக்கு உலகில் யாரிடமும் வெளிப்படையாக இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் காட்டிய வில்லோ சிப்பில் இருந்தது 105 க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. ஆனால் இன்னொரு பக்கம், ஷோரின் வழியிலேயே உடையும் இன்னொரு பூட்டான 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் மார்ட்டின் எக்கெராவோடு சேர்ந்து கணக்குப் போட்ட கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025 மே மாதத்தில் 10 லட்சத்துக்குள்ளேயே முடியும் என்று திருத்தினார். தேவை இறங்கி வருகிறது, இயந்திரம் ஏறி வருகிறது. நம் நாடே 2023-ல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கி, எட்டு ஆண்டில் 1,000 க்யூபிட் வரை போக இலக்கு வைத்திருக்கிறது. இரண்டும் எந்த வருசம் சந்திக்கும் என்று தேதி சொல்கிறவரை நம்ப வேண்டாம். அதற்குள் நம் பக்கம் செய்ய வேண்டிய வேலை மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஷோரின் வழி நீள்வட்டக் கணிதத்தை உடைக்கும். ஹாஷை உடைக்காது; ஹாஷ் என்பது எந்தத் தகவலையும் திரும்பப் பிரிக்க முடியாத ஒரு எண்ணாக அரைக்கும் முறை. நான் சொல்லப் போவது முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

வாலட் (சாவிகளை வைத்திருக்கும் ஆப் அல்லது கருவி) தொடங்கும்போது 12 அல்லது 24 வார்த்தை எழுதி வைக்கச் சொல்வார்களே, அந்த சீட் வார்த்தைகளிலிருந்து நம் அட்ரஸ் (கணக்கு எண் மாதிரி) வரைக்கும் ஒரு ஏணி இருக்கிறது. வார்த்தைகளை 2,048 சுற்று ஹாஷ் செய்து மூல எண் ஒன்று வரும். அதை மறுபடி ஹாஷ் செய்தால் தலைச் சாவி. அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை என்று இறங்கி, கடைசியில் உங்கள் கணக்கின் பிரைவேட் கீ. அதற்குக் கீழே பப்ளிக் கீ, அதற்கும் கீழே அட்ரஸ். குவாண்டம் திருடன் பப்ளிக் கீயைப் பார்த்து பிரைவேட் கீ வரை ஏறிவிடுவான். அதற்கு மேலே இருக்கும் படிகள் ஹாஷால் ஆனவை, அங்கே அவனுக்கு வழி இல்லை. ஆக அந்த நாள் வந்தால் பிரைவேட் கீ திருடன் கையிலும் இருக்கும், சொந்தக்காரன் கையிலும் இருக்கும். சீட் வார்த்தைகள் சொந்தக்காரனிடம் மட்டும்தான் இருக்கும்.

கள்ளக் கையெழுத்து யார் வேண்டுமானாலும் போடலாம். தாத்தா வாங்கிய தாய்ப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் கொண்டு வந்து வைக்க யாராலும் முடியாது. மாமாவின் தோப்பில் நடந்ததைத்தான் நான் வீடு வரும் வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

சும்மா இருப்பது ஒரு வழியா?

சில கணக்குகளுக்கு ஆமாம். 2024 மார்ச்சில் எத்தீரியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் ஒரு அவசரகாலத் திட்டத்தை முன்வைத்தார். நாளைக்கே குவாண்டம் திருட்டு தொடங்கினால் எத்தீரியம் என்ன செய்யலாம் என்பது அதன் பொருள். பெரிய அளவில் திருட்டு தெரியத் தொடங்கிய பிளாக்கிலிருந்து சங்கிலியை (பரிவர்த்தனைகள் பதிவாகும் பிளாக்செயின்) பின்னால் திருப்புவது, பழைய வகைக் கணக்குகளின் பரிவர்த்தனையை நிறுத்துவது, பிறகு "இந்த அட்ரஸின் பிரைவேட் கீ எந்த ஹாஷிலிருந்து வந்ததோ, அதற்கு உள்ளே போன ரகசியம் எனக்குத் தெரியும்" என்பதை ஸ்டார்க் வகை நிரூபணத்தால் காட்டுகிறவருக்குக் கணக்கைப் புதிய பாதுகாப்போடு திருப்பித் தருவது. ரகசியத்தை யாரிடமும் சொல்லாமலே அது தெரியும் என்று மட்டும் நிரூபிக்கலாம் என்பதுதான் ஸ்டார்க்கின் அழகு. அதுவும் ஹாஷின் மேல் கட்டப்பட்டது, ஆகவே குவாண்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பிட்காயின் பக்கமும் இதே எண்ணம் இருக்கிறது. பிட்காயின் பாதுகாப்பு நிபுணர் ஜேம்சன் லாப்பும் சிலரும் 2025-ல் வைத்த முன்மொழிவு, பழைய கையெழுத்துகளைக் கட்டம் கட்டமாக நிறுத்தச் சொல்கிறது. கடைசிக் கட்டமாக, சீட் வார்த்தைகளை வைத்திருப்பதற்கான நிரூபணத்தைக் காட்டி மீட்கும் வழியை அது யோசிக்கிறது.

இரண்டும் முன்மொழிவுகள். நடைமுறையில் ஓடும் குறியீடாக இன்னும் ஆகவில்லை, நாளைக்கு இதே வடிவத்தில் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் எந்த மீட்புத் திட்டம் வந்தாலும் சொந்தக்காரனையும் திருடனையும் பிரித்துக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இன்றைக்கு லட்சக்கணக்கானவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அது சீட் வார்த்தைகள்தான். அதனால்தான் இந்தப் பக்கம் பந்தயம் கட்ட எனக்குத் தயக்கமில்லை.

மாமாவின் கணக்கு இந்த வகையில் சேர்ந்தது. 12 வார்த்தையிலிருந்து பிறந்த அட்ரஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து அதற்கு ஈதர் வந்தது, அதிலிருந்து ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. எத்தீரியம் அட்ரஸ் என்பது பப்ளிக் கீயை ஹாஷ் செய்து, அதில் கடைசி 20 பைட்டை எடுத்தது. வெளியே ஒரு பரிவர்த்தனை போனாலோ, அந்தச் சாவியால் வேறு எங்காவது கையெழுத்திட்டாலோதான் அந்தக் கையெழுத்திலிருந்து பப்ளிக் கீயைக் கண்டுபிடிக்க முடியும். மாமாவின் பப்ளிக் கீயை உலகம் இன்னும் பார்க்கவில்லை. இதை "பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறேன்" என்று நான் கை வைத்திருந்தால் நல்லதைக் கெடுத்தவனாகியிருப்பேன்.

புதிய அட்ரஸுக்கு மாற்றுவது

என் கணக்கு நேர்மாறு. 2018-ல் இன்டர்நெட் துண்டித்த லேப்டாப்பில் நேரடியாக ஒரு பிரைவேட் கீ உருவாக்கி, அச்செடுத்து, லேமினேட் செய்து வைத்தேன். அன்றைக்கு அது மிகவும் பாதுகாப்பான முறை என்று பெயர். இத்தனை வருசத்தில் அதிலிருந்து பலமுறை பணம் அனுப்பியிருக்கிறேன், பப்ளிக் கீ ஊரறிந்தது. சீட் வார்த்தைகளே கிடையாது. ஏணியில் பிரைவேட் கீக்கு மேலே படி இல்லை. நாளைக்கு எத்தீரியம் மீட்பு வழி திறந்தாலும் "இதுதான் என் தாய்ப் பத்திரம்" என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. திருடனும் நானும் ஒரே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம். 2013-ல் இன்றைய சீட் வார்த்தை முறை வருவதற்கு முன் சேர்த்த பிட்காயின்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே நிலைமைதான்.

இப்படிப்பட்ட கணக்குக்கு மாற்றம் ஒன்றே வழி. புதிதாக 24 வார்த்தை வாலட் தொடங்கி, அதன் அட்ரஸுக்கு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். ஈதரை ஒரு தடவை அனுப்ப 21,000 கேஸ் (எத்தீரியத்தில் கட்டணத்தை அளக்கும் அலகு), அவ்வளவுதான் செலவு. நம் சொந்த வாலட்டிலிருந்து இன்னொரு சொந்த வாலட்டுக்குப் போவது விற்பனை ஆகாது. 2022 ஏப்ரலில் வந்த 30 சதவீத வரி லாபத்துக்கு விற்கும்போது பிடிப்பது. ஆனாலும் எந்தத் தேதியில் எதிலிருந்து எதற்குப் போனது என்று குறித்து வைத்தால் பின்னால் ஆடிட்டரிடம் விளக்கச் சுலபம். மாமா கேட்டது போல விற்றுவிட்டு வேறு இடத்தில் வாங்கினால் வரியும் போகும், 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் போகும்.

மாற்றிய பிறகு புது அட்ரஸிலிருந்து அனுப்பாமல் இருந்தால்தான் அதன் பப்ளிக் கீ மறைந்திருக்கும். சேமிப்புக்கு ஒரு கணக்கு, புழங்க ஒரு கணக்கு என்று பிரிப்பது அவசியம். சேமிப்புக் கணக்கைக் கொண்டு எந்த இணையதளத்திலும் கையெழுத்திட்டு உள்நுழையக் கூடாது. சங்கிலியில் எதுவும் பதிவாகாவிட்டாலும் அந்தத் தளத்துக்குப் பப்ளிக் கீ கிடைத்துவிடும். பிட்காயினில் டேப்ரூட் வகை அட்ரஸில் பப்ளிக் கீ வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கும். நீண்ட காலச் சேமிப்புக்கு அதற்கு முந்தைய செக்விட் வகை நல்லது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. சொத்து மதிப்பு பார்க்கும் ஆப்களில் "எக்ஸ்பப்" என்று நீளமான ஒன்றைக் கேட்பார்கள். அது ஒரு கிளைக்கே உரிய பப்ளிக் கீ. அதைக் கொடுத்தால் குவாண்டம் காலத்தில் அந்தக் கிளையின் கீழ் இருக்கும் எல்லாக் கணக்கும், ஒருமுறைகூட அனுப்பாதவையும் சேர்த்து, திறந்துவிடும். நல்லவேளையாக அந்தக் கிளைக்கு மேலே இருக்கும் படிகள் இறுக்கப்பட்டவை. மேல் படியின் பிரைவேட் கீயையே ஹாஷுக்குள் போட்டுத்தான் கீழ்ப் படியின் சாவியை உண்டாக்குகிறார்கள். திருடன் கிளை வரை வந்தாலும் தலைச் சாவிக்குப் போக முடியாது. தாய்ப் பத்திரம் அப்போதும் நம்மிடமே இருக்கும், ஆனால் தோப்பை ஒருமுறை இழந்துவிட்டு வழக்காட வேண்டியிருக்கும்.

ஸ்மார்ட் கணக்கு

ஓசூரில் இருக்கும் என் நண்பர்கள் பெரும்பாலும் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். அங்கிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், இந்தத் துறையை அருகில் பார்க்கிறவர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்மார்ட் கணக்கு என்பது சங்கிலியில் ஓடும் ஒரு ஒப்பந்தம், அதாவது விதிகளைத் தானே நிறைவேற்றும் ஒரு புரோகிராம். அதற்கென்று பிரைவேட் கீ கிடையாது. யார் கையெழுத்து செல்லும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும், அந்த விதியைப் பிறகு மாற்றவும் முடியும். இன்றைக்கு சாதாரணக் கையெழுத்து, நாளைக்கு குவாண்டத்தைத் தாங்கும் கையெழுத்து, அட்ரஸ் மட்டும் அதே அட்ரஸ். நான்கைந்து நம்பிக்கையானவர்களைக் காவலர்களாக வைத்து, சாவி தொலைந்தால் அவர்கள் சேர்ந்து மீட்டுத் தரும் ஏற்பாடும் உண்டு.

இது நல்ல திசை. எத்தீரியமும் கடைசியில் இங்கேதான் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு மாறிக்கொள்கிறவர் மூன்று இடத்தில் ஏமாறலாம்.

ஒன்று, கூட்டுக் கையெழுத்து (பல சாவிகள் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் ஏற்பாடு) என்றாலே குவாண்டத்துக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம். ஐந்து பூட்டும் ஒரே ரகம் என்றால், ஒன்றை உடைக்கத் தெரிந்தவன் ஐந்தையும் உடைப்பான்.

இரண்டு, 2025 மே 7 அன்று எத்தீரியத்தின் பெக்ட்ரா மேம்படுத்தலோடு வந்த 7702 வசதி. சாதாரணக் கணக்குக்கு ஒப்பந்தத்தின் திறமைகளை அது கொடுக்கிறது. பழைய பிரைவேட் கீயின் அதிகாரத்தை அது எடுப்பதில்லை. முன்வாசலுக்குப் புதுக் கதவு போட்டு, கொல்லைப்புறத்தைப் பழையபடி விட்ட மாதிரி.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. புட்டரினின் அவசரகாலத் திட்டம் சாதாரணக் கணக்குகளை மனதில் வைத்தது. ஒப்பந்தத்துக்கு உள்ளே நடக்கும் கையெழுத்துச் சோதனை அந்த ஒப்பந்தத்தின் சொந்த வரிகளில் இருக்கிறது. சங்கிலி விதி மாறியதும் அது தானாகச் சரியாகிவிடாது. எந்த ஒப்பந்தம், அதில் உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நேராகப் பரிவர்த்தனை அனுப்பி அனுமதி தரும் வழி இருக்கிறதா, விதியை மாற்ற யாருக்கு உரிமை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் கணக்கு வைத்திருப்பவர், அதன் உரிமையாளர் சாவிகளாவது சீட் வார்த்தைகளிலிருந்து பிறந்தவையா என்று பார்த்துக்கொள்வது குறைந்தபட்சம்.

குவாண்டத்தைத் தாங்கும் கையெழுத்தை இப்போதே ஏன் போடக்கூடாது என்று கேட்கலாம். தரநிலைகள் வந்துவிட்டன, அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. சிக்கல் அளவில். இன்றைய கையெழுத்து 64 பைட். குவாண்டத்தைத் தாங்கும் முறைகளில் ஃபால்கன்-512 (அந்த 2024 வெளியீட்டில் இது இல்லை) என்றால் 666, எம்எல்-டிஎஸ்ஏ-44 என்றால் 2,420, ஹாஷை மட்டுமே நம்பும் எஸ்எல்எச்-டிஎஸ்ஏவில் சிறியதே 7,856 பைட். இன்றைய எத்தீரியத்தில் சாதாரணக் கையெழுத்தைச் சோதிக்க 3,000 கேஸ். புதியவற்றை ஒப்பந்தத்துக்குள் சோதித்தால் அதைப் போலப் பல மடங்கு. மாமாவின் தொகைக்கு இது கட்டாது.

முன்கூட்டியே தேதி போட்டு வைப்பது

பதிவு ஆபீஸில் இரண்டு பத்திரம் மோதினால் எதன் தேதி முந்தியது என்று பார்ப்பார்கள். அதே யுக்தி இங்கேயும் உண்டு. இன்றைக்கு, நீள்வட்டக் கையெழுத்து இன்னும் உடையாத காலத்தில், "இந்த அட்ரஸ் என்னுடையது, என் புதிய குவாண்டம் தாங்கும் பப்ளிக் கீ இது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதன் ஹாஷை மட்டும் சங்கிலியில் பதிந்துவிடலாம். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசக் கருவி பிட்காயின் பிளாக்கில் தேதி போட்டுத் தரும். ஹாஷ் மட்டும் போவதால் பப்ளிக் கீ வெளியே தெரியாது. பின்னாளில் யார் அதே கையெழுத்தைப் போட்டாலும், திருட்டுக் காலத்துக்கு முந்தைய தேதி நம்மிடம் மட்டும் இருக்கும்.

இதை ஏற்கிறோம் என்று எந்தச் சங்கிலியும் இதுவரை சொல்லவில்லை. அதனால் தனியாக இதை மட்டும் நம்ப மாட்டேன். ஆனால் சீட் வார்த்தை இல்லாமல், நகர்த்தவும் முடியாமல், வருசக்கணக்கில் ஒப்பந்தத்தில் பூட்டிய டோக்கன் உள்ளவர்களுக்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேர வேலை. மூலக் கோப்பையும் புதிய சாவியையும் தொலைக்காமல் வைப்பதுதான் அதில் கஷ்டம்.

எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவாண்டம் தலைவலி அவர்களுடையதாகும், பணமும் அவர்களுடைய சாவியில் இருக்கும். 2024 ஜூலையில் நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் கூட்டுக் கையெழுத்து வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. அதற்கு குவாண்டம் தேவைப்படவில்லை.

தங்கையின் கணக்கு

சித்தி மகள் டிசைன் வேலை செய்கிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் டாலர் காயினில் (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ) அனுப்புகிறார்கள். இமெயில் கொடுத்து ஓடிபி போட்டால் திறக்கும் வாலட். "சீட் வேர்ட்ஸ்னு ஒண்ணும் எழுதச் சொல்லலண்ணா, அதான் ஈஸியா இருக்குன்னு வெச்சேன்" என்றாள். இந்த வகை வாலட்களில் சிலவற்றில் பிரைவேட் கீ, கம்பெனி சர்வரில் ஒரு துண்டு, போனில் ஒரு துண்டு என்று பிறக்கும்போதே உடைந்து பிறக்கும். அதற்கு மேலே சீட் என்று ஒன்று இருந்ததே இல்லை. வேறு சில வாலட்கள் உள்ளே சீட் உண்டாக்கி, அதைத் துண்டாக்கி வைக்கின்றன. எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அமைப்புகளில் போய் "எக்ஸ்போர்ட்" அழுத்தினால் 12 வார்த்தை வருகிறதா, வெறும் பிரைவேட் கீ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவளுக்குப் பிரைவேட் கீ மட்டும்தான் வந்தது.

அவளிடம் மாற்றச் சொல்லி நான் நெருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருவதும் போவதுமான பணம், எந்த நேரமும் அதில் பெரிய தொகை தங்குவதில்லை. டாலர் காயினை வெளியிடும் நிறுவனமே கணக்கை முடக்கவும் முடியும், அதனால் அங்கே மீட்பு வேறு விதமாக நடக்கலாம். மாதக் கடைசியில் மிச்சமாவதை மட்டும் சீட் வார்த்தையில் பிறந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். வாலட்டை மாற்றினால் பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் புது அட்ரஸ் சொல்ல வேண்டும் என்பது அவள் கவலை. அதுவும் சரியான கவலைதான்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை கொடுத்தேன், இதைப் படிப்பவர்களுக்கும் அதே. "குவாண்டம் பாதுகாப்புக்குப் பதிவு செய்யுங்கள், சீட் வார்த்தைகளை உள்ளிடுங்கள்" என்று மெசேஜ் வரும். வார்த்தைகளைக் கேட்கிற எதுவும் திருட்டு. உண்மையான மீட்பு வழி திறக்கும் நாளிலும் நிரூபணம் நம் கருவியில்தான் தயாராகும், வார்த்தைகள் வெளியே போகாது.

போன ஞாயிறு என் 2018 கணக்கைக் காலி செய்தேன். ஈதர் ஒரு தடவையில் போனது, பழைய டோக்கன்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தங்களில் மாட்டியிருந்த சிறு தொகைகளைத் தேடி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

மாமாவின் வார்த்தைகள் ஒரு அறுபது பக்க நோட்டில் பென்சிலில் இருந்தன. தோப்பு வீட்டில் கறையான் அதிகம். ஓசூர் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தெரிந்தவரிடம் லெட்டர் பஞ்ச் செட்டும் ஒரு துண்டு ஸ்டெயின்லெஸ் தகடும் வாங்கி வந்தேன். பட்டியலில் உள்ள 2,048 வார்த்தைகளில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது, ஆகவே வார்த்தைக்கு நான்கு எழுத்து போதும். நான் அடித்துத் தருகிறேன் என்றதற்கு மாமா விடவில்லை. "நீயே பாக்க வேணாம்னு சொல்லிட்டு நீயே அடிச்சா எப்படிப்பா?" என்று கதவைச் சாத்திக்கொண்டு அவரே அடித்தார். 48 எழுத்து. கீழே வாலட்டின் பெயரும், எத்தனையாவது கணக்கு என்பதும். பிறகு போனில் இருந்த வாலட்டை அழித்துவிட்டு, தகட்டைப் பார்த்து அவரே வார்த்தைகளை ஏற்றினார். எட்டாவது வார்த்தையில் ஒரு எழுத்து தலைகீழாக அடிபட்டிருந்தது. நோட்டோடு ஒப்பிட்டு, பக்கத்திலேயே திருத்தி அடித்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றிய பிறகு அதே அட்ரஸ் வந்தது.